பழைய அரசுக் கட்டடத்தின் உள்ளே: புதுப்பிப்பது வேறு, மீட்பது வேறு

பெர்லினில் இருக்கிற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ரைஷ்டாக் என்று பெயர். 1990களில் அதைச் சீரமைக்கும் வேலை நார்மன் ஃபாஸ்டர் என்ற கட்டடக் கலைஞரின் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் 1960களில் நடந்த ஒரு வேலையில் உள்சுவர்கள் பலவற்றைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள். அந்தப் பலகைகளைக் கழற்றியதும் பின்னால் ரஷ்ய எழுத்துகள். 1945ல் நகரத்தைப் பிடித்த சோவியத் சிப்பாய்கள் கரித்துண்டாலும் கலர்க் கட்டியாலும் தங்கள் பெயரையும் ஊரையும், எங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதையும் சுவரில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். தோற்ற நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் வென்றவர்களின் கிறுக்கல்! இரண்டு கோட் பெயின்ட் அடித்திருந்தால் ஒரே நாளில் மறைந்திருக்கும். ரஷ்யத் தூதரக அதிகாரிகளிடம் பேசி, ஆபாசமாக இருந்த சில வாசகங்களை மட்டும் எடுத்துவிட்டு, நிறைய எழுத்துகளை அப்படியே விட்டுவைத்தார்கள். 1999ல் கட்டடம் திறந்ததிலிருந்து இன்றுவரை உறுப்பினர்கள் அந்த எழுத்துகளைத் தாண்டித்தான் அவைக்குப் போகிறார்கள்.

பழைய அரசுக் கட்டடத்தின் உட்புறத்தை மீட்டெடுப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வெளிப்புறத்தைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். கோபுரம், தூண், கடிகாரம் எல்லாம் தெருவில் போகிறவர் கண்ணிலும் படும். உள்ளே நடப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டு, பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டி, பிளைவுட் தடுப்பு வைத்து, அப்புறம் "பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம்" என்று பலகை மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அதனால்தான் இந்த வேலை உண்மையில் எப்படி நடக்க வேண்டும் என்பதை, ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

நாம் எல்லாவற்றையும் "ரெனோவேஷன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை நாலாகப் பிரித்துப் பேசுவார்கள். அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை வைத்திருக்கும் நெறிமுறைகள் இந்த நாலையும் தெளிவாகச் சொல்கின்றன. இருப்பதை இருக்கிறபடியே, மேலும் கெடாமல் பிடித்து நிறுத்துவது ஒன்று, அதைப் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்வோம். பழைய அடையாளம் போகாமல் இன்றைய உபயோகத்துக்குத் தக்கபடி மாற்றுவது சீரமைப்பு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது மீட்டெடுப்பு. அடியோடு அழிந்துபோனதை ஆதாரங்களை வைத்துப் புதிதாக எழுப்புவது மறுகட்டுமானம். ஒரே கட்டடத்துக்குள்ளேயே இந்த நாலும் நடக்கலாம். அவை மண்டபத்தை மீட்டெடுப்பார்கள், படிக்கட்டைப் பாதுகாப்பார்கள், பின்பக்க அலுவலக அறைகளைச் சீரமைத்து லிஃப்ட் வைப்பார்கள். எந்த அறைக்கு எது என்று முதலிலேயே பேசி எழுதி வைக்காவிட்டால், வேலை ஆரம்பித்த பிறகு ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

இதில் மீட்டெடுப்புக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. "எந்தக் காலத்துக்கு?" என்ற கேள்வி. நூறு இருநூறு ஆண்டு ஆன அரசுக் கட்டடம் எதுவும் ஒரே மாதிரி இருந்ததில்லை. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. 1819 முதல் 1859 வரை நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அங்கே கூடியது. செனட் பெரிய மண்டபத்துக்கு மாறிய பிறகு, 1860லிருந்து 1935 வரை உச்ச நீதிமன்றம் அதே மண்டபத்தில் நடந்தது. பிற்பாடு அதை மீட்டெடுக்கத் தீர்மானித்தபோது 1850களில் செனட் இருந்த தோற்றத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், 1976ல் திறந்தார்கள். அதாவது 40 ஆண்டுக் கதையைக் காட்டுவதற்காக 75 ஆண்டுக் கதையைச் சுவரிலிருந்து எடுத்தார்கள். அதே கட்டடத்தில் அதற்கு முந்தைய நீதிமன்ற அறை ஒன்று தனியாக இருப்பதாலும், உள்நாட்டுப் போருக்கு முந்தைய பெரிய விவாதங்கள் நடந்த இடம் இது என்பதாலும் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு காலத்தை இழக்கிறோம், அது தெரிந்தே செய்யப்பட வேண்டும். 

சரி, காலத்தைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் சுவர் என்ன நிறம்?

பழைய போட்டோ இருக்குமே என்று தோன்றும். இருக்கும், ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணரவே உணராது, நீலத்தை அளவுக்கு மீறி உணரும். படத்தில் கன்னங்கரேல் என்று தெரிகிற திரைச்சீலை நிஜத்தில் பளிச்சென்ற சிவப்பாக இருந்திருக்கலாம், வெள்ளை மாதிரித் தெரிகிற சுவர் நீலமாக இருந்திருக்கலாம். அரசுக் கட்டடத்துக்கு ஒரு வரம் உண்டு: காகிதம். எத்தனை நாற்காலி வாங்கினார்கள், பெயின்டருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த அதிகாரி ஒழுகல் பற்றிப் புகார் எழுதினார் என்பதெல்லாம் ஏதோ ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் படிக்க ஒரு ஆவண ஆய்வாளர் கட்டாயம் வேண்டும். ஆனால் கோப்பு சொல்வது என்ன செய்யச் சொன்னார்கள் என்பதைத்தான். என்ன செய்தார்கள் என்பதைச் சுவரிடம்தான் கேட்க வேண்டும்.

சுவரிடம் கேட்பது எப்படி? கூர்மையான சிறு கத்தியால் கடுகு அளவுக்கு ஒரு சில்லை, அடியில் இருக்கும் பூச்சு அல்லது மரம் வரை போய் எடுப்பார்கள். அதைப் பிசினுக்குள் பதித்து, இறுகியதும் குறுக்கே தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் பக்கவாட்டில் பார்ப்பார்கள். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒவ்வொரு கோட் பெயின்ட்டும் ஒரு கோடாகத் தெரியும். இரண்டு கோடுகளுக்கு நடுவே கறுப்பாக மெல்லிய ஒரு படலம் இருந்தால் அது அழுக்கு. அடுத்த கோட் அடிப்பதற்கு முன் அந்தச் சுவர் பல ஆண்டுகள் அப்படியே கிடந்திருக்கிறது என்று அர்த்தம். அழுக்கு இல்லாமல் இரண்டு கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒரே வேலையின் முதல் கோட்டும் இரண்டாம் கோட்டும். புற ஊதா ஒளியில் பார்த்தால் இன்னும் பேசும்: அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும், துத்தநாக வெள்ளை பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஒரு படலத்தில் டைட்டானியம் வெள்ளை இருப்பது தெரிந்தால் அது முதல் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த நிறமி விற்பனைக்கு வந்ததே அந்தக் காலத்தில்தான். இப்படி ஒவ்வொரு படலமாகத் தேதி குறித்துக்கொண்டு போவார்கள். 

இதோடு நிற்பதில்லை. மறைவான ஒரு இடத்தில், கதவுக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், படிப்படியாக ஒவ்வொரு படலத்தையும் சுரண்டி ஏணி மாதிரி ஒரு சிறு பட்டையைத் திறந்து வைப்பார்கள். இந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கதவு நிலையில் உள்ளங்கை அளவு சதுரம், அதற்கு ஒரு காலைப் பொழுது முழுக்க ஆனது. வேலை செய்பவர் பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு சொட்டு கரைப்பானைத் தொட்டு வைக்கிறார், காத்திருக்கிறார், மேல் படலம் லேசாக உப்பியதும் கத்தியை ஏறக்குறைய படுக்கவைத்துத் தள்ளுகிறார், தூசைத் தூரிகையால் ஒதுக்கிவிட்டு உருப்பெருக்கியில் பார்க்கிறார், மறுபடியும் பஞ்சு. சாம்பல் நிறத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மரத்தின் வரிகளைப் போலவே தூரிகையால் வரைந்த ஒரு படலம். மட்டமான மரத்தை உயர்ந்த மரம் போலக் காட்ட அந்தக் காலத்துப் பெயின்டர் செய்த வேலை. அவருடைய தூரிகை மயிர் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சுரண்டிப் பார்த்த நிறத்தை உடனே பெயின்ட் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஆளி விதை எண்ணெய் சேர்ப்பார்கள், அது வெளிச்சம் படாமல் மூடிக் கிடந்தால் மஞ்சளித்துப் போகும். அடியில் இருந்த வெள்ளை க்ரீம் மாதிரித் தெரியும், நீலம் பச்சை மாதிரித் தெரியும். திறந்த இடத்தை வெளிச்சத்தில் சில நாளோ சில வாரமோ விட்டால் மஞ்சள் கணிசமாக வெளுத்துவிடும். இதைத் தெரியாமல் எத்தனையோ கட்டடங்களுக்கு "அசல் நிறம்" என்று மஞ்சளித்த நிறத்தை அடித்திருக்கிறார்கள். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: பழைய பெயின்ட் என்றாலே அதில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உலர்ந்த சுவரை மெஷின் வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்புவது கூடவே கூடாது.

மேலே வேறு யாரோ அடித்த பெயின்ட்டுக்குக் கீழே ஓவியமே இருந்துவிட்டால் வேலை பல ஆண்டு போகும். அதே வாஷிங்டன் கட்டடத்தில் செனட் பக்கத்துத் தாழ்வாரங்களில் கான்ஸ்டன்டினோ புருமிடி என்ற இத்தாலிய ஓவியர் 1857ல் தொடங்கிச் சுவரிலும் விதானத்திலும் பறவை, பழம், கொடி என்று வரைந்து தள்ளியிருக்கிறார். பிறகு வந்தவர்கள் மங்கிய இடத்தையெல்லாம் "டச்சப்" செய்கிறேன் என்று மேலேயே பூசினார்கள், அதன் மேல் வார்னிஷ் போட்டார்கள், வார்னிஷ் பழுப்பேறியதும் அந்தப் பழுப்புக்குப் பொருத்தமாக மறுபடியும் பூசினார்கள். தாழ்வாரமே இருண்டு போனது. 1990களின் நடுவில் ஆரம்பித்து ஏறக்குறைய 20 ஆண்டு, கத்தியும் கரைப்பானுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்பூச்சை எடுத்தார்கள். கீழே இருந்தது இலேசான, வெளிச்சமான நிறங்கள். அவ்வளவு காலம் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தது புருமிடியை அல்ல.

இனி சுண்ணாம்புக்கு வருவோம். இது புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

சிமென்ட் பரவுவதற்கு முன்னால் கட்டிய கட்டடங்களில் சாந்தும் பூச்சும் பெரும்பாலும் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதில் உள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்போடு மணல் சேர்த்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்து மறுபடியும் கல்லாகவே மாறும். கல்லிலிருந்து வந்து கல்லாகவே திரும்பும் இந்தச் சுற்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மேற்பரப்பிலிருந்து உள்நோக்கித்தான் இறுகும், வாரக்கணக்கில் ஆகும், நடுவில் பூச்சு ஒரேயடியாகக் காய்ந்துவிடக் கூடாது, ஈரம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கை பூச வேண்டுமென்றால் ஒவ்வொரு கைக்கும் நடுவில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்து வராத பொருள்.

இதன் முக்கியமான குணம், இது ஈரத்தைப் போகவிடும். பழைய சுவர்களின் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் எதுவும் பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஓதம் மெல்ல ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். இந்தச் சுவரில் கீழ்ப்பகுதி கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது என்று ஒருவர் நல்ல எண்ணத்தோடு சிமென்ட் பூசுகிறார். மழைக்கோட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினால் உள்ளே சட்டை நனைவது போல, ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நிற்கும். நின்ற ஈரம் சிமென்ட் முடிகிற உயரம் வரை ஏறிப் போய் அதற்கு மேலே வெளியே வரும். இடுப்பு உயரத்தில் இருந்த கறை தோள் உயரத்துக்கு வந்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் சிமென்ட் பூசுவார்கள். ஈரத்தோடு வந்த உப்பு சுவருக்குள் படிகமாகும்போது செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளிவிடும். வெளியே பார்த்தால் சிமென்ட் கெட்டியாக நிற்கும், தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம், பெயர்த்தால் பின்னால் செங்கல் மாவு. பிளாஸ்டிக் கலந்த எமல்ஷன் பெயின்ட்டும் கொஞ்சம் குறைவாக இதே காரியத்தைத்தான் செய்யும், அதனால்தான் அது தோல் உரிந்த மாதிரிக் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது.

ஆகவே உள்ளே பூச்சு உதிர்ந்தால் முதலில் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். கூரையில் ஓட்டை இருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, வெளித் தரையைத் திரும்பத் திரும்ப உயர்த்தி உள் தரைக்கு மேலே கொண்டுவந்துவிட்டார்களா. தண்ணீர் வருகிற வழியை அடைக்காமல் உள்ளே எவ்வளவு செலவு செய்தாலும் வீண். அப்புறம் சிமென்ட்டை உளியால் பதமாக எடுத்து, சுவரைக் காயவிட வேண்டும், மொத்தமான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். உப்பை எடுக்கப் பற்றுப் போடுவார்கள்: களிமண்ணையோ காகிதக் கூழையோ சுத்தமான நீரில் குழைத்துச் சுவரில் அப்பிவிட்டால், காயும்போது உப்பைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், பிறகு உரித்து எறிந்துவிடலாம். பழைய பூச்சில் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்தால் சுண்ணாம்பு போய் மணல் மிஞ்சும். அந்த மணலின் அளவு, நிறம், பருமன் மூன்றையும் பார்த்து அதற்கு ஒத்த புதுச் சாந்தைக் கலப்பார்கள். புதுச் சாந்து பழையதைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விட்டுக்கொடுப்பது புதியதாக இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதானத்தில் இருக்கும் பூ வேலைப்பாட்டில் ஒன்று உடைந்திருந்தால், நன்றாக இருக்கிற பக்கத்துப் பூவிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து வார்க்கலாம். மர வேலைகளின் அரக்கு மெருகு சாராய வகைக் கரைப்பானில் கரையும், அதனால் பழையதையே இளக்கிப் புத்துயிர் கொடுக்க முடியும், முழுக்கச் சுரண்டி பாலியூரித்தேன் அடிப்பது சோம்பேறித்தனம். தங்க ரேக்கு உதிர்ந்த இடத்தில் தங்கம் போலத் தெரிகிற வெண்கலப் பெயின்ட்டை அடித்தால் சில ஆண்டுகளில் அதிலுள்ள செம்பு கறுத்துப் பழுப்பாகிவிடும். ரேக்கையே ஒட்டினால் அது மங்குவதே இல்லை. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைத் தாழ்வாரங்களில் விக்டோரியா காலத்தில் மின்டன் என்ற நிறுவனம் செய்த டைல்ஸ் தேய்ந்தபோது, படம் அச்சடித்த டைல்ஸ் வாங்கி ஒட்டவில்லை. நிறக் களிமண்ணை டைல்ஸுக்குள்ளேயே பதிக்கிற பழைய முறையில் கையால் செய்து மாற்றினார்கள்.

இல்லாமலே போய்விட்ட பகுதியை என்ன செய்வது என்பதுதான் மனிதர்கள் அதிகம் சண்டை போட்ட கேள்வி. பழைய கட்டடங்களைக் காப்பது பற்றி 1964ல் உருவான சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனம் இதற்கு இரண்டு கோடு போட்டுக் கொடுத்தது. யூகம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும் என்பது ஒன்று. புதிதாகச் சேர்க்கிற பகுதி மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும், அதே சமயம் பழையது எது புதியது எது என்று பிரித்துப் பார்க்கவும் முடிய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேட்க முரண்பாடு மாதிரி இருக்கும். இத்தாலியில் ஓவியங்களை மீட்பவர்கள் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓவியத்தில் பெயர்ந்துபோன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். எட்ட நின்றால் கோடுகள் கலந்து நிறமாகத் தெரியும், படம் முழுமையாக இருக்கும். கிட்டே போனால் கோடு கோடாகத் தெரியும், இது இன்றைய கை என்று யாரும் சொல்லிவிடலாம். பூச்சு, மரம், கல் எதுவானாலும் இதே கண்ணோட்டம் செல்லும்.

1992ல் இங்கிலாந்து அரச குடும்பத்தின் விண்ட்சர் கோட்டை எரிந்தபோது இந்தப் பகுத்தறிதல் நன்றாக வேலை செய்தது. ஒரு விளக்கு திரைச்சீலையில் பட்டுப் பிடித்த தீ அது. ஓரளவு தப்பித்த அறைகளை ஆதாரங்களை வைத்து முன்பு இருந்தபடியே கொண்டுவந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் கூரை அடியோடு போயிருந்தது. அங்கே பழையதைப் போலி செய்யாமல் ஓக் மரத்தில் புதிய வடிவத்தில் கூரை போட்டார்கள். 1997ல் எல்லாம் முடிந்தது. இன்னொரு உதாரணம், 1941ல் குண்டு விழுந்து அழிந்த பிரிட்டிஷ் மக்களவை. அதே அளவில், அதே எதிரெதிர் பெஞ்சு அமைப்பில், எல்லா உறுப்பினருக்கும் இடம் போதாத அதே நெருக்கத்தோடு 1950ல் திரும்பத் திறந்தார்கள். ஆனால் அவைக்குள் நுழைகிற வளைவை மட்டும் குண்டடி பட்ட அதே கற்களை வைத்தே கட்டினார்கள். பொளிந்து, கருகி, சிதைந்த கற்கள். சர்ச்சில் கேட்டுக்கொண்டது அது, அவர் பெயரால்தான் அந்த வளைவை இன்றும் அழைக்கிறார்கள். அறையை மீட்டார்கள், காயத்தையும் வைத்துக்கொண்டார்கள். இதைவிட முதிர்ச்சியான முடிவு எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் குறைவு.

அருங்காட்சியகத்துக்கும் அரசுக் கட்டடத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இங்கே நாளைக் காலை பத்து மணிக்கு ஆட்கள் வேலைக்கு வருவார்கள். கம்ப்யூட்டர் வேண்டும், ஏசி வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர வழி வேண்டும், தீப்பிடித்தால் தண்ணீர் பீச்சுகிற ஸ்பிரிங்க்ளர் வேண்டும். இவை எதையும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. திறமை எங்கே இருக்கிறதென்றால் வயரை ஒளித்துக் கொண்டுபோவதில். உபயோகமில்லாத பழைய புகைபோக்கிக் குழாய்க்குள் ஏசி டக்டை இறக்குவார்கள், மரத் தரையைப் பலகை பலகையாக எண் போட்டு எடுத்துக் கீழே வயர் ஓட்டிவிட்டு அதே வரிசையில் திரும்ப வைப்பார்கள். ஏசி போடும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும்: நூறாண்டு அந்த அறையின் ஈரப்பதத்துக்குப் பழகிய மரப் பலகைச் சுவரைத் திடீரென்று உலர்ந்த காற்றில் நிறுத்தினால் சுருங்கி, நடுவில் பட்டென்று வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

சில நேரம் ஒளித்து வைத்துத் தப்பிக்க முடியாது. கனடா நாடாளுமன்றத்தின் மையக் கட்டடத்தை முழுதாகச் சீரமைப்பதற்காக மூடிவிட்டு, 2019ல் மக்களவையைப் பக்கத்துக் கட்டடத்தின் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு அங்கே மாற்றினார்கள், செனட்டைப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே வேலை செய்தால் செலவும் காலமும் எகிறும், தூசியும் ஆஸ்பெஸ்டாஸும் இருந்தால் ஆபத்தும் சேரும். காலி செய்து கொடுப்பது கசப்பான முடிவுதான், ஆனால் பல இடங்களில் அதுதான் சரி.

உட்புறத்தையே பெரும்பாலும் இழந்ததற்கு உதாரணம் வெள்ளை மாளிகை. 1948ல் அதிபர் ட்ரூமனின் மகள் வாசித்த பியானோவின் கால் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. பரிசோதித்தால் உத்திரங்கள் எல்லாம் தளர்ந்து, மாளிகை விழுகிற நிலையில் இருந்தது. வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே முழுக்கக் குடைந்தெடுத்து, எஃகுச் சட்டம் போட்டு 1952ல் முடித்தார்கள். பழைய மர வேலைகளை எண் போட்டுக் கழற்றித்தான் வைத்தார்கள், ஆனால் திரும்பப் பொருத்தியது கொஞ்சம்தான். மீதி நினைவுப் பொருளாகவும் குப்பையாகவும் போனது. கட்டடம் பிழைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் இன்று உள்ளே தொட்டுப் பார்க்கிற சுவரில் பெரும்பாலானது 1950களின் சுவர். உத்திரத்தில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டது, மேலே மேலே பாரம் ஏற்றியது என்று ஒவ்வொரு காலத்திலும் செய்த சின்னச் சின்ன அவசர வேலைகள்தான் அந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டன.

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற முறை ரோடு போடுவதற்குச் சரியாக இருக்கலாம், இதற்குச் சரிப்படாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று சுண்ணாம்புப் பூச்சைப் பேசினால், அவர் சீக்கிரம் முடிக்கச் சிமென்ட்டைக் கலப்பார், அவர் மேல் முழுப் பழியும் போட முடியாது. முதலில் ஒரு மூலையை மட்டும் மாதிரிக்குச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்து எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அந்த மூலையையே அளவுகோலாக வைத்து மற்ற வேலைகளைச் சரிபார்க்கலாம். அப்புறம் தீ. கோபன்ஹேகனில் 400 ஆண்டுப் பழமையான பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரலில் சீரமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எரிந்து கோபுரம் சாய்ந்தது. பழைய கட்டடத்துக்கு மிகவும் ஆபத்தான காலம் அதைக் காப்பாற்ற வேலை நடக்கிற காலம்தான். உள்ளே வெல்டிங், சூட்டு விளக்கு வைத்துப் பெயின்ட் எடுப்பது போன்றவற்றுக்குத் தடை போடுவதும், வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு சில மணி நேரம் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும் மற்ற எந்தத் தொழில்நுட்பத்தையும்விட முக்கியம்.

கடைசியில் செய்ய வேண்டியது எழுதி வைப்பது. எந்தப் படலத்தை எடுத்தோம், எந்தச் சாந்தை என்ன அளவில் கலந்தோம், எந்தப் பூ புதிதாக வார்த்தது என்று போட்டோவோடு பதிவு செய்து, ஒரு பிரதி அந்தக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். சில இடங்களில் இன்னொன்றும் செய்வார்கள். முதலில் படிப்படியாகச் சுரண்டிப் பார்த்த அந்தப் பட்டையை மூடாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். பழைய அரசுக் கட்டடம் ஏதாவது ஒன்றுக்குள் போனால் பெரிய கதவுகளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். கையகலத்துக்கு ஒரு செவ்வகம், சாம்பல், பச்சை, க்ரீம், மறுபடியும் பச்சை, கடைசியில் வெறும் மரம் என்று இருந்தால், அங்கே யாரோ ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.